குட்டி நலமாக இருக்கும்போதே மருத்துவரைத் தேடுங்கள்

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தில் வசிக்கிறீர்கள், மாத வருமானம் 25,000 ரூபாய். தெருவில் கிடந்த ஒரு பெண் நாய்க்குட்டியை எடுத்து வந்து வளர்க்கிறீர்கள். இரண்டரை மாத வயதில் அதற்குப் பார்வோ என்ற, வாந்தியும் ரத்தப்போக்கும் வரவைக்கும் வைரஸ் நோய் கண்டு, ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றி, 18,000 ரூபாய் செலவாகி, அதில் பாதியைக் கடன் வாங்கிக் கட்டியிருக்கிறீர்கள். குட்டி பிழைத்துவிட்டது. நம்பிக்கையான மருத்துவரை எப்படிக் கண்டுபிடிப்பது, அடுத்த முறை இப்படி ஒரு செலவு வந்தால் எப்படிச் சமாளிப்பது, வசதி குறைந்தவர்கள் நாய் வளர்க்கவே கூடாதா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கால்நடை பராமரிப்புத் துறையில் 31 ஆண்டுகள் உதவி மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: தாராளமாக வளர்க்கலாம். நான் வேலை பார்த்த அரசு கால்நடை மருந்தகத்துக்கு வந்த நாய்களில் நன்றாகப் பராமரிக்கப்பட்டவை பல, கூலி வேலைக்குப் போகிறவர்களின் வீட்டு நாய்கள். அவர்களிடம் பணம் குறைவாக இருந்தது. ஆனால் நாய் ஒரு வேளை சோறு தின்னவில்லை என்றால் மறுநாள் காலையில் அதைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். மருத்துவச் செலவு எவ்வளவு ஆகும் என்பதை மருத்துவரின் கட்டணத்தைவிட, நாம் எந்த நாளில் அவரிடம் போகிறோம் என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. உங்கள் குட்டியின் கதையே அதற்குச் சான்று. பார்வோவுக்குத் தடுப்பூசி இருக்கிறது. தனியார் மருத்துவமனையில் போட்டாலும் ஒரு தவணை ஆயிரம் ரூபாய்க்கு முன்பின்தான் ஆகும். நோய் வந்த பிறகோ அந்த வைரஸைக் கொல்லும் மருந்து என்று எதுவும் கையில் இல்லை. வாந்தியிலும் ரத்தப்போக்கிலும் உடல் இழக்கும் நீரை நரம்பு வழியாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, குட்டியின் உடம்பு தானாக மீளும்வரை காத்திருப்பதுதான் சிகிச்சை. நீங்கள் கட்டிய 18,000 அந்தக் காத்திருப்புக்கான செலவு. தெருவில் கண்டெடுத்த குட்டிக்கு நீங்கள் தடுப்பூசி போடும் முன்பே நோய் வந்துவிட்டிருக்கலாம். எனவே இதை உங்கள் தவறாகச் சொல்லவில்லை. அடுத்த முறைக்காகச் சொல்கிறேன்.

ஒரு மாலை, மருந்தகத்தைப் பூட்டும் நேரத்தில், ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் எட்டு வயதுப் பொமரேனியன் நாயைப் பழைய புடவையில் சுற்றித் தூக்கி வந்தார். மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, ஆனால் வாளித் தண்ணீரில் தலையைவிட்டுக் குடித்துக்கொண்டே இருக்கிறது என்றார். புடவையை விலக்கியபோது பின்பக்கம் ரோமமெல்லாம் ஒட்டிக்கொண்டு, அறை முழுவதும் சீழ் வாடை பரவியது. இரண்டு மாதத்துக்கு முன் சூட்டுக்கு வந்து போயிருந்தது என்று கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது: கருப்பையில் சீழ் கோத்திருந்தது. கருத்தடை செய்யாத, வயதான பெண் நாய்களுக்கு அடிக்கடி வரும் நோய் அது. நடுவில் மருந்துக் கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கி மூன்று முறை கொடுத்திருந்தார். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் தெளிந்ததுபோல் இருந்திருக்கிறது. அறுவை சிகிச்சை செய்யும் வசதி என் மருந்தகத்தில் இல்லை. அன்றிரவே சென்னை வேப்பேரியில் உள்ள பெரிய கால்நடை மருத்துவமனைக்கு அனுப்பினேன், அறுவையும் நடந்தது, இரண்டாம் நாள் அது இறந்துவிட்டது. முதல் வாரத்தில் வந்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். அவர் கஞ்சத்தனத்தால் தாமதிக்கவில்லை. எந்த மருத்துவரிடம் போவது, எவ்வளவு கேட்பார்கள் என்று தெரியாததால்தான் தாமதித்தார். உங்களுக்கு இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு அந்த மனிதரின் முகமும் ஒரு காரணம்.

இனி மருத்துவரைக் கண்டுபிடிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தேவை ஒருவர் அல்ல, இரண்டு இடங்கள். ஒன்று, வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய, உங்கள் நாயைப் பெயர் சொல்லி அறிந்த ஒரு மருத்துவர். மற்றொன்று, அவர் கைமீறிய நோய்களுக்குப் போகக்கூடிய, எல்லாப் பிரிவுகளும் உள்ள பெரிய மருத்துவமனை. இந்த இரண்டாவது இடம் தமிழ்நாட்டில் மற்றப் பல மாநிலங்களைவிட நமக்கு எளிதாக வாய்த்திருக்கிறது. 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. 1989-இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் அது இயங்குகிறது. மருத்துவம், அறுவை, மகப்பேறு என்று தனித்தனிப் பிரிவுகளும், எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக் கூடமும், நாய்களுக்கான ரத்த வங்கியும், சிறுநீரகம் பழுதான நாய்களுக்கு டயாலிசிஸ் வசதியும் ஒரே வளாகத்தில் கிடைக்கும். பதிவுக் கட்டணம் மிகக் குறைவு. பரிசோதனைகளுக்கும் அறுவைக்கும் தனியாரைவிடக் கணிசமாகக் குறைவாகவே ஆகும். சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்கு நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும், பின்னாளில் தொடங்கப்பட்ட தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை கல்லூரிகளிலும் இதே பல்கலைக்கழகத்தின் மருத்துவமனைகள் உள்ளன.

அங்கே போவதற்கு ஒரு பழக்கம் வேண்டும். காலையில் சீக்கிரம் போய் டோக்கன் வாங்க வேண்டும். கூட்டம் அதிகமாக இருக்கும். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். கற்பிக்கும் மருத்துவமனை என்பதால் முதலில் மாணவர்கள் விவரம் கேட்பார்கள், பிறகு பேராசிரியர் பார்ப்பார். மாணவர் பார்க்கிறாரே என்று சிலர் முகம் சுளிப்பதைக் கண்டிருக்கிறேன். அவசரமில்லாமல் தலை முதல் வால்வரை தொட்டுப் பார்ப்பவர்கள் அந்த மாணவர்கள்தான். காதுமடலுக்குள் ஒளிந்திருக்கும் உண்ணியைக் கண்டுபிடிப்பதும் பெரும்பாலும் அவர்களே. தடுப்பூசி போடாத குட்டியை மட்டும் அந்தக் கூட்டத்தில் தரையில் விடாதீர்கள்; மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு அடுத்தபடியாக அரசு கால்நடை மருந்தகங்களும், அவற்றைவிட வசதி கூடிய பன்முக மருத்துவமனைகளும் இருக்கின்றன. மாடு, ஆடு, கோழிக்காக ஏற்பட்டவை என்றாலும் நாய், பூனைகளையும் அங்கே பார்ப்பார்கள். வெறிநோய்த் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், காயத்துக்குக் கட்டுப்போடுதல், சாதாரணக் காய்ச்சல் ஆகியவற்றுக்கு மருந்தகமே போதும். உலக வெறிநோய் தினமான செப்டம்பர் 28-ஐ ஒட்டியும், விலங்குவழி நோய்கள் தினமான ஜூலை 6-ஐ ஒட்டியும் பல இடங்களில் இலவசமாக வெறிநோய்த் தடுப்பூசி போடுவார்கள். அந்த வாரங்களில் அருகிலுள்ள மருந்தகத்தில் விசாரியுங்கள். 1962 என்ற எண்ணில் இயங்கும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி முதன்மையாகக் கிராமத்துக் கால்நடைகளுக்கானது. நகரத்து வளர்ப்பு நாய்க்கு அதை நம்பிக் காத்திருப்பது சரிவராது.

பக்கத்தில் இருக்கும் தனியார் மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது பெயர்ப்பலகையையும் குளிர்சாதன வசதியையும் பார்க்காதீர்கள். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பட்டம் பெற்று மாநில மன்றத்தில் பதிவு செய்தவர் மட்டுமே மருத்துவம் பார்க்கலாம்; அந்தப் பதிவு எண் மருந்துச் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பிராணிகள் விற்கும் கடைக்காரரும், குட்டி விற்பவரும், மருந்தகத்தில் உதவியாளராக இருந்தவரும் ஊசி போடுவது நம் ஊரில் சகஜமாகிவிட்டது. அவர்கள் 200 ரூபாய் குறைவாக வாங்கலாம். ஆனால் தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்தால்தான் வேலை செய்யும், பெட்டிக்கடை குளிர்பானப் பெட்டியில் கிடந்த மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம். ஊசி போட்டதும் மருந்துக் குப்பியில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டைப் பிரித்து உங்கள் தடுப்பூசி அட்டையில் ஒட்டி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அந்தச் சீட்டில் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் இருக்கும். கேட்காமலேயே இதைச் செய்கிற மருத்துவமனையை நான் பாதி நம்பிவிடுவேன்.

மீதிப் பாதி நம்பிக்கை அவர் பதில் சொல்லும் விதத்தில் வரும். நாய் நலமாக இருக்கும்போது, எடை பார்க்கவோ புழு மருந்து வாங்கவோ ஒரு முறை போய், இரவில் அவசரம் என்றால் யாரை அழைப்பது, உங்களிடம் இல்லாத வசதிக்கு எங்கே அனுப்புவீர்கள், கருத்தடை அறுவைக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்பவர், குறிப்பாக, "இது என்னால் ஆகாது, அங்கே போங்கள்" என்று சொல்லத் தயங்காதவர், நல்ல மருத்துவர். இந்த மூன்று கேள்விகளையும் நள்ளிரவில், வாந்தி எடுக்கும் குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யாராலும் கேட்க முடியாது.

பணத்தைப் பற்றிப் பேச நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சம்தான் பில்லைப் பெரிதாக்குகிறது. தனியார் கால்நடை மருத்துவமனைகளுக்கு அரசு நிர்ணயித்த கட்டண அட்டவணை எதுவும் கிடையாது. எனவே சிகிச்சை தொடங்கும் முன்பே, "என்னிடம் இன்று 4,000 ரூபாய் இருக்கிறது; இதில் முதலில் செய்ய வேண்டியது எது, நாளைக்குத் தள்ளிப் போடக்கூடியது எது?" என்று கேட்டுவிடுங்கள். இந்த ஒரு கேள்விக்கு இருக்கும் பலன் வேறெதற்கும் இல்லை. ஏனென்றால் பெரும்பாலான நோய்களுக்கு மருத்துவரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கின்றன. உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் எல்லாப் பரிசோதனைகளையும் அடுக்கி 5,000 ரூபாய்க்குச் செய்யவும் முடியும். முதலில் ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தமும் பார்த்துவிட்டு, பிளேட்லெட் குறைந்திருந்தால் மருந்தைத் தொடங்கி, மூன்று நாளில் தெளியவில்லை என்றால் மட்டும் அடுத்ததற்குப் போகவும் முடியும். பணம் தடையில்லை என்று நினைக்கும் மருத்துவர் முதல் வழியையும், உங்கள் நிலைமை தெரிந்தவர் இரண்டாவது வழியையும் சொல்வார். இரண்டுமே நேர்மையான மருத்துவம்தான்.

உள்நோயாளியாகச் சேர்க்கச் சொன்னால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். தினமும் மாலையில் அன்றைய கணக்கைக் கேளுங்கள். பார்வோ போன்ற நோய்களில்கூட, காலையில் கொண்டுபோய்க் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு மாலையில் வீட்டுக்குக் கொண்டுவரும் முறைக்கு மருத்துவர் சம்மதித்தால் செலவு குறையும். ஆனால் இரவில் விழித்திருந்து பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும். மாத்திரைகளை எழுதி வாங்கி வெளிக் கடையில் வாங்கலாம். நாய்களுக்குத் தரும் பல மருந்துகள் மனிதர்களுக்கான மருந்துக் கடையிலேயே குறைந்த விலையில் கிடைக்கும். அளவை மட்டும் மருத்துவர் எழுதித் தர வேண்டும், கடைக்காரர் சொல்லக் கூடாது. பில்லில் இன்னொன்றும் கவனியுங்கள்: கால்நடை மருத்துவமனை தரும் சிகிச்சைச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. மருந்துக்கும் கடையில் விற்கும் நாய் உணவுக்கும் வரி இருக்கும். மருத்துவர் பார்த்த கட்டணத்தின்மேல் வரி போட்டிருந்தால் காரணம் கேட்கலாம்.

எதற்கு எவ்வளவு ஆகும் என்று தோராயமாகத் தெரிந்தால்தான் சேமிக்க முடியும். சென்னைப் புறநகரில் நான் பார்த்த அளவில், தனியாரிடம் ஒரு முறை காட்ட 300 முதல் 700 ரூபாய், வெறிநோய்த் தடுப்பூசிக்கு 250 முதல் 500, பெண் நாயின் கருத்தடைக்கு 6,000 முதல் 15,000 வரை ஆகிறது. ஊருக்கு ஊர், மருத்துவமனைக்கு மருத்துவமனை இது மாறும். தடுப்பூசி, புழு மருந்து, உண்ணி மருந்து ஆகிய மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு ஐயாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். எனவே உங்கள் வருமானத்தில் மாதம் 1,000 ரூபாயை நாய்க்கென்று வங்கியில் தனியாக ஒதுக்கினால் வழக்கமான செலவு போக ஆண்டுக்கு ஏழாயிரம் மிஞ்சும். இரண்டாண்டில் ஒரு பெரிய நோயின் செலவில் பெரும்பகுதியைத் தாங்கும் தொகை கையில் இருக்கும். முதலில் அந்தக் கடனை அடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

காப்பீடு எடுக்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். இந்தியாவில் சில பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நாய்களுக்குப் பாலிசி தருகின்றன. நாட்டு நாய்களையும் ஏற்பவை உண்டு. பொதுவாக, சேரும் வயதுக்கு வரம்பு இருக்கும். தடுப்பூசிகள் முறையாகப் போட்டிருக்க வேண்டும். பாலிசி எடுத்தவுடன் வரும் நோய்களுக்கு ஒரு காத்திருப்புக் காலம் இருக்கும். ஏற்கெனவே இருந்த நோய்க்குப் பணம் வராது. பெரும்பாலும் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகுதான் திரும்பப் பெற வேண்டும் என்பதால் அன்றிரவுப் பணத்தேவை அப்படியே இருக்கும். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்று இடுப்பு மூட்டுத் தொல்லைக்கு ஆளாகும் பெரிய இனங்களை வளர்ப்பவர்கள் நிபந்தனைகளை வரி விடாமல் படித்துவிட்டு எடுக்கலாம். உங்கள் நிலையில், நாட்டு நாய்க்குச் சேமிப்பே போதும் என்பது என் கருத்து.

தொண்டு அமைப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1959 முதல் சென்னையில் இயங்கும் ப்ளூ கிராஸ் போன்றவை முதன்மையாக, யாருமில்லாத தெரு விலங்குகளுக்காக இருப்பவை. கட்ட முடிந்தவர்கள் அங்கே போய் அந்த இடத்தை அடைத்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தெருவிலிருந்து எடுத்த குட்டிக்குக் கருத்தடை செய்ய உதவ முடியுமா என்று கேட்பதில் தவறே இல்லை, கேளுங்கள்.

காத்திருக்கவே கூடாத சில நிலைகள் உண்டு. ஆண் பூனை சிறுநீர் கழிக்கும் மணல் தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் ஒரு சொட்டும் வரவில்லை என்றால் அன்றே காட்ட வேண்டும். ஓரிரு நாள் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பெரிய நாய்க்கு வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமனே ஓங்கரித்தால் மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கக் கூடாது. மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். ஈறே வெளுத்திருந்தால், அல்லது கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கி, கையை எடுத்த பிறகும் அது கூடாரம்போல் நின்றுவிட்டால், காலைவரை காத்திருக்காதீர்கள். இதற்கு மாறாக, ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தும் சுறுசுறுப்பாக ஓடும் வளர்ந்த நாயை மறுநாள் காலையில் காட்டினால் போதும்; இரவு அவசரக் கட்டணம் மிச்சம். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைப் பூனைக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள், ஒரு மாத்திரையே கொன்றுவிடும். நாய்க்கு இபுபுரூஃபன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இப்படிக் கொடுத்துவிட்டு வந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எது கொடுத்தோம் என்று தெரியாமல் சிகிச்சை பார்ப்பதுதான் அதிகச் செலவு.

இப்போது உங்கள் குட்டிக்கு. பார்வோவிலிருந்து மீண்டதால் அந்த நோய்க்கு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும். ஆனால் டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய், எலிக்காய்ச்சல், வெறிநோய் ஆகியவற்றுக்கு இன்னும் வரவில்லை. நன்றாகச் சாப்பிட்டு எடை ஏறிய பிறகு, மருத்துவர் சம்மதத்துடன் கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கி, நான்கு மாத வயது முடியும்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் போடுங்கள். மூன்று மாத வயது முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி. சென்னை மாநகராட்சியில் நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டியவர்களுக்கும் அந்தச் சான்றிதழ் தேவைப்படும். குட்டியின் மலத்தில் இன்னும் சில நாள் வைரஸ் வெளியேறக்கூடும் என்பதால் பிளீச்சிங் கரைசலால் தரையைக் கழுவுங்கள். தெருவில் மற்றக் குட்டிகளோடு விடாதீர்கள். ஆறு மாத வாக்கில் கருத்தடைக்கு நாள் குறிக்க வேண்டும். அதற்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். மருத்துவமனையில் தந்த பில்கள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் தடுப்பூசி அட்டையோடு ஒரே உறையில் போட்டு, உறையின் மேல் குட்டியின் இப்போதைய எடையையும் தேதியையும் எழுதுங்கள். அடுத்து எந்த மருத்துவரிடம் போனாலும், அவர் முதலில் கேட்பது அந்த உறையைத்தான்.